ஒரே ஒரு மெசையா வேண்டுமென்றால்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாதாந்திர மாலைச் சந்திப்பில் பேசியது. நேரம் போதாமல் விட்டுப்போன சிலவற்றையும் சேர்த்து இந்தக் காலாண்டிதழுக்காக எழுதித் தந்திருக்கிறேன்.)



தண்ணீர் லாரிக் கணக்கு, லிஃப்ட் பராமரிப்பு, பார்க்கிங் பிரச்சினை இவற்றுக்கே நேரம் போதாத நம் கூட்டத்தில், 18-ஆம் நூற்றாண்டு லண்டன் இசைக்காரர் ஒருவரைப் பற்றிப் பேச அரை மணி நேரம் ஒதுக்கிய தலைவருக்கும் செயலாளருக்கும் நன்றி. விஷயம் உங்களுக்குத் தெரியும். டிசம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை, சமுதாயக் கூடத்தில், புதிதாக வாங்கிய ஸ்பீக்கரில் ஜார்ஜ் ஃப்ரெடரிக் ஹேண்டலின் 'மெசையா'வை முழுவதுமாகப் போட்டுக் கேட்பதென்று கலைக் குழுவில் முடிவாகிவிட்டது. எந்த ஒலிப்பதிவைப் போடுவது என்பதுதான் முடிவாகவில்லை. பி பிளாக் அண்ணாச்சி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவர் நாற்பது வருடம் சர்ச் பாடகர் குழுவில் பேஸ் குரலில் பாடியவர். நான் வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து எழுத்தராகவே ஓய்வு பெற்ற பி.காம். பட்டதாரி. கல்யாணப் பத்திரிகை வந்தால் சர்ச்சுக்குப் போவேன், அவ்வளவுதான் எனக்கும் சர்ச்சுக்கும் தொடர்பு. ஆனாலும் முப்பத்தைந்து வருடமாக இந்த ஒன்றை விடாமல் கேட்டு வருகிறேன். அந்த உரிமையில் என் கட்சியைச் சொல்கிறேன். முடிவை நீங்கள் எடுங்கள்.

பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு சிறு அறிமுகம். தமிழ் வேதாகமத்தில் 'மேசியா' என்று வருகிறதே, அதே சொல்தான் 'மெசையா'. ஆரட்டோரியோ என்ற வகையைச் சேர்ந்தது. ஆபெரா மாதிரியே தனிக்குரல் பாட்டு, கூட்டுப்பாட்டு, வாத்தியக் குழு எல்லாம் உண்டு. வேஷமும் நடிப்பும் திரையும் மட்டும் கிடையாது. மூன்று பாகம். முழுதாகக் கேட்டால் சுமார் இரண்டு மணி இருபது நிமிடம் ஆகும். சார்லஸ் ஜென்னன்ஸ் என்ற பணக்கார நிலக்கிழார் ஆங்கில வேதாகம வசனங்களைப் பொறுக்கிக் கோத்துக் கொடுத்தார். ஹேண்டல் 1741 ஆகஸ்ட் 22-ல் எழுத ஆரம்பித்து செப்டம்பர் 14-ல் முடித்தார். 24 நாள், 259 பக்கம். இவ்வளவு அவசரம் கூடாது என்று ஜென்னன்ஸ் குறைப்பட்டுக்கொண்டார். நீங்கள் எல்லோரும் இதில் ஒரு பாட்டையாவது கட்டாயம் கேட்டிருப்பீர்கள். 'அல்லேலூயா' கோரஸ் இரண்டாம் பாகத்தின் கடைசியில் வருவது.

முதல் கச்சேரி லண்டனில் நடக்கவில்லை. அயர்லாந்தின் டப்ளின் நகரில், ஃபிஷாம்பிள் தெருவில் இருந்த இசை மண்டபத்தில், 1742 ஏப்ரல் 13 அன்று நடந்தது. கூட்டம் தாங்காது என்று பெண்கள் வளையம் வைத்த பாவாடை இல்லாமலும் ஆண்கள் இடுப்பு வாள் இல்லாமலும் வரும்படி முன்கூட்டியே விளம்பரம் செய்தார்கள். நம் ஹாலில் நாற்காலி பற்றாக்குறைக்கு இப்படி ஒரு யோசனை யாருக்கும் தோன்றவில்லை. சுமார் 700 பேர் வந்தார்கள். வசூல் சுமார் 400 பவுண்டு. அது மூன்றாகப் பிரிக்கப்பட்டது: மெர்சர்ஸ் மருத்துவமனைக்கு ஒரு பங்கு, இன்னொரு தர்ம வைத்தியசாலைக்கு ஒரு பங்கு, கடனுக்காகச் சிறையில் கிடந்தவர்களை மீட்க ஒரு பங்கு. மூன்றாவது பங்கில் 142 பேர் வெளியே வந்தார்கள்.

இந்த இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுவேன், பழக்கதோஷம். ஒரு பங்கு ஏறக்குறைய 127 பவுண்டு. 127-ஐ 142-ஆல் வகுத்துப் பாருங்கள். தலைக்கு ஒரு பவுண்டு கூட வரவில்லை. ஒரு பவுண்டுக்குக் குறைந்த பாக்கிக்காக ஒரு குடும்பத் தலைவன் உள்ளே இருந்திருக்கிறான், அல்லது கடன் கொடுத்தவர்கள் கிடைத்தது போதும் என்று குறைத்து வாங்கிக்கொண்டு விட்டிருக்கிறார்கள். எங்கள் பாஷையில் அதற்கு 'ஒன் டைம் செட்டில்மென்ட்' என்று பெயர். அந்தக் காலத்துச் சிறையில் கைதியே சிறை அதிகாரிக்குக் கட்டணம் கட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடன் அடைந்தாலும் அந்த பாக்கி நிற்கும்.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டு சிவில் நடைமுறைச் சட்டத்திலும் கடன்காரரைச் சிறையில் வைக்க வழி இருக்கிறது. 1980-ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு வந்த பிறகுதான், கையில் இல்லாததால் கட்ட முடியாதவர் வேறு, வைத்துக்கொண்டே கட்டாதவர் வேறு என்பது தெளிவாயிற்று. நான் வசூல் பிரிவில் ஆறு வருடம் இருந்தேன். நோட்டீஸ் தட்டச்சு செய்வது என் வேலை. ஐயாயிரம் ரூபாய் பாக்கிக்கு நோட்டீஸ் வாங்கிய ஒருவர், கவரைப் பிரிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்து, யாரிடமும் ஒன்றும் கேட்காமல் எழுந்து போனதைப் பார்த்திருக்கிறேன். அந்த வருடங்களில்தான் எங்கள் கிளைத் தலைமைக் காசாளர் எனக்கு ஒரு கேசட் கொடுத்தார். லேபிள் கிழிந்திருந்தது. பாடியது யார், நடத்தியது யார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. முதலில் வரும் ஆண் குரல் ஆறுதல் சொல்லிக்கொண்டு ஆரம்பிக்கும். அப்போது எனக்கு அது போதுமானதாக இருந்தது.

சரி, ஒலிப்பதிவுக்கு வருவோம்.

'ஹேண்டல் எழுதியபடி யார் பாடியிருக்கிறார்களோ அதுதான் சரி, அதைப் போட்டுவிட்டுப் போங்கள்' என்று ஏ பிளாக் நண்பர் ஒருவர் சொன்னார். நியாயமான யோசனை மாதிரிதான் தெரிகிறது. சிக்கல் என்னவென்றால், ஹேண்டல் எழுதியபடி என்று ஒன்று கிடையாது. டப்ளினுக்கு ஒரு மாதிரி, 1743-ல் லண்டனுக்கு ஒரு மாதிரி, அதற்குப் பிறகும் எந்தப் பாடகர் கிடைக்கிறாரோ அவருக்கேற்ற மாதிரி, சாகும்வரை மாற்றிக்கொண்டே இருந்தார். முதல் பாகத்தில் 'பட் ஹூ மே அபைட்' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பேஸ் குரலுக்கு எழுதினார். டப்ளினில் அதை எடுத்துவிட்டு, நாலு வரி வசனம் மாதிரி பாட வைத்தார். 1750-ல் குவாடாக்னி என்ற இத்தாலியப் பாடகர் கிடைத்ததும், நடுவில் நெருப்புப் பறக்கிற வேகத்தில் ஒரு பகுதி சேர்த்துப் புதிதாகவே எழுதிக் கொடுத்தார். 'ரிஜாய்ஸ் கிரேட்லி' என்ற பெண் குரல் பாட்டின் தாளக்கட்டையே பின்னால் மாற்றினார். டப்ளினில் ஓபோவும் பஸூனும் இல்லை, லண்டனில் சேர்த்தார். ஒவ்வொரு வருடமும் இருப்புக்கேற்ற பட்ஜெட். ஆகவே 'ஒரிஜினல்' என்று கவரில் அச்சடித்திருந்தால், எந்த வருடத்து ஒரிஜினல் என்று கேளுங்கள்.

எல்லா வருடங்களிலும் என் மனதுக்கு நெருக்கமானது 1754. காரணம் ஒரு கணக்குப் புத்தகம்.

லண்டனில் தாமஸ் கோரம் என்ற கப்பல்காரர் முயற்சியால், தெருவில் விடப்பட்ட குழந்தைகளுக்காக 'ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிடல்' என்ற காப்பகம் ஏற்பட்டது. 1750 முதல் அதற்கு நிதி திரட்ட ஹேண்டல் மெசையா நடத்திக் கொடுத்தார். 1754 கச்சேரியில் யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்ற பட்டியலைக் காப்பகத்தின் நிர்வாகம் எழுதி வைத்தது. அது இன்றும் இருக்கிறது. வயலினும் வயோலாவும் சேர்ந்து 20, செலோ 3, டபுள் பேஸ் 2, ஓபோ 4, பஸூன் 4, கொம்பு 2, டிரம்பெட் 2, பேரிகை வாசிப்பவர் ஒருவர். மொத்தம் 38 வாத்தியக்காரர்கள். கோரஸில் 19 பேர் மட்டுமே. அதில் 6 பேர் சிறுவர்கள், மற்றவர்கள் எல்லாம் ஆண்கள். தனிப்பாட்டுக்கு வந்த ஐந்து பேரும் கோரஸிலும் சேர்ந்து பாட வேண்டும் என்பது ஏற்பாடு. ஹேண்டலுக்கு அப்போது பார்வை போயிருந்தது.

கவனியுங்கள். இசை எப்படி ஒலித்தது என்பதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிக உறுதியான சாட்சி, யாரோ ஒரு எழுத்தர் வரவு செலவுக்காக எழுதிய பட்டியல். அவருக்குச் சங்கீதம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் கூட இல்லை. நம் சங்கப் பொருளாளர் வவுச்சர் இல்லாமல் பணம் தருவதில்லை என்று புகார் சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

ஹேண்டல் 1759-ல் இறந்தார். அவர் போன பிறகு மெசையா உப்பிக்கொண்டே போயிற்று. 1784-ல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அவர் நினைவாக நடந்த விழாவில் 500 பேருக்கு மேல் பாடி வாசித்தார்கள். அடுத்த நூற்றாண்டில் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் விழாக்களில் கோரஸ் மட்டுமே ஆயிரக்கணக்கில். 1888-ல் அங்கே ஹேண்டலின் 'இஸ்ரேல் இன் ஈஜிப்ட்' பாடியதை மெழுகு உருளையில் பதிவு செய்திருக்கிறார்கள். மழைக்கு நடுவே தூரத்தில் திருவிழாக் கூட்டம் இரைகிற மாதிரி கேட்கும். உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய இசை ஒலிப்பதிவுகளில் அது ஒன்று. இங்கிலாந்தின் நெசவாலை ஊர்களில் தொழிலாளிகள் சேர்ந்து பாடும் பெரிய சங்கங்கள் உருவாயின. ஹட்டர்ஸ்ஃபீல்டு கோரல் சொசைட்டி 1836-ல் ஆரம்பித்தது. இவர்களை வைத்து மால்கம் சார்ஜென்ட் செய்த பதிவுகளைத்தான் நம் ஊர் சர்ச் குடும்பங்கள் பலவற்றில் பெரியவர்கள் போற்றுவார்கள்.

அண்ணாச்சியின் கட்சியும் இதுதான். ஆனால் அவர் சார்ஜென்டோடு நிற்கவில்லை. அவருடைய தெய்வம் தாமஸ் பீச்சம். பீச்சம் 1927, 1947, 1959 என்று மூன்று முறை மெசையாவைப் பதிவு செய்தார். மூன்றாவதில் யூஜின் கூசன்ஸ் பெயரில் வந்த புது வாத்திய அமைப்பு. ஹேண்டல் நினைத்தே பார்க்காத சிம்பல், டிரையாங்கிள் எல்லாம் அதில் உண்டு. ஜான் விக்கர்ஸ் என்ற டெனார், சிங்கம் உறுமுகிற மாதிரி ஒரு குரல். நான் இதைக் கேலி செய்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் முறை கேட்டபோது சிரித்தேன். பத்தாவது நிமிடத்தில் சிரிப்பு போய்விட்டது. ஊரே கூடி நின்று பாடுகிறது என்ற உணர்ச்சி அதில்தான் கிடைக்கும். அண்ணாச்சி இதைக் கேட்கும்போது தானும் அந்தக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் நிற்கிறார். எனக்கு அந்த வரிசையில் இடம் இல்லை. நான் வெளியே உட்கார்ந்து கேட்பவன். எங்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி இதுதான் என்று நினைக்கிறேன்.

அவருடைய குற்றச்சாட்டையும் சொல்லிவிடுகிறேன். சிறிய குழு வைத்துப் பாடிய பதிவு ஒன்றை அவர் வீட்டில் போட்டுக் காட்டினேன். ஐந்து நிமிடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என்ன தம்பி, பாட்டுப் பாடுதாங்களா, பந்தயத்துல ஓடுதாங்களா?" என்றார். "இல்ல அண்ணாச்சி, அந்தக் காலத்துல இப்படித்தான்" என்றேன். "அந்தக் காலத்துல நீ பாத்தியோ?" என்றார். "வவுச்சர் இருக்கு அண்ணாச்சி" என்றேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை. ஆனால் சம்மதமும் இல்லை.

சிறிய குழுக்கள் எப்போது வந்தன? 1966-ல் லண்டனில் இரண்டு பதிவுகள் நடந்தன. ஒன்று காலின் டேவிஸ், இன்னொன்று சார்லஸ் மெக்கராஸ். இருவரும் நவீன வாத்தியங்களையே பயன்படுத்தினார்கள். ஆனால் கோரஸைச் சுருக்கி, நடையைத் துரிதப்படுத்தி, தனிப்பாடகர்கள் பாட்டைத் திருப்பிப் பாடும்போது சங்கதி சேர்த்துப் பாடும் பழைய வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அடுத்த படி, 1979-ல் பதிவாகி 1980-ல் வெளிவந்த கிறிஸ்டோஃபர் ஹாக்வுட் பதிவு. அகாடமி ஆஃப் ஏன்ஷியன்ட் மியூசிக் குழு, ஆக்ஸ்ஃபோர்டு கிறைஸ்ட் சர்ச் பாடகர் குழு, 18-ஆம் நூற்றாண்டு மாதிரி வாத்தியங்கள், சோப்ரானோ வரிக்குச் சிறுவர்கள். பாடம், நான் சொன்ன 1754 ஃபவுண்ட்லிங் பாடம். அதன் பிறகு ஜான் எலியட் கார்டினர், டிரெவர் பின்னாக், வில்லியம் கிறிஸ்டி என்று வரிசையாக வந்துவிட்டார்கள். 2006-ல் ஸ்காட்லாந்தின் டனீடின் கன்சார்ட், ஜான் பட் தலைமையில், டப்ளினில் 1742-ல் பாடிய பாடத்தையே பதிவு செய்தது. தனிப்பாட்டு பாடுகிறவர்களே கோரஸிலும் நிற்கிறார்கள். சீக்கிரம் சொல்லிவிட்டேன், ஏனென்றால் பெயர்ப் பட்டியல் கேட்டால் உங்களுக்குத் தூக்கம்தான் வரும். இவற்றில் எது உங்களுடையது என்று கண்டுபிடிக்க மூன்று இடங்களை மட்டும் ஒப்பிட்டுக் கேளுங்கள். முழுதும் கேட்க வேண்டியதில்லை.

முதல் இடம், தொடக்கத்திலேயே வரும் டெனார் பாட்டு. அதற்கு முன் வாத்தியக் குழு ஒரு முன்னுரை வாசிக்கும். மைனர் ஸ்தாயத்தில், இறுக்கமாக இருக்கும். அது முடிந்ததும் அதே ஆதார சுரத்தில் மேஜருக்கு மாறும். ஜன்னலைத் திறந்த மாதிரி. அப்போது குரல் எப்படி உள்ளே வருகிறது என்று பாருங்கள். மேடையிலிருந்து அறிவிக்கிறாரா, பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறாரா? உங்களுக்கு எது வேண்டும் என்று உங்களுக்கே அங்கே தெரிந்துவிடும்.

இரண்டாவது, குழந்தை பிறந்ததைப் பாடும் 'ஃபார் அன்டு அஸ்' கோரஸ். இது உண்மையில் ஹேண்டல் அதே 1741 கோடையில் இரண்டு குரல்களுக்காக எழுதிய இத்தாலியக் காதல் பாட்டு. காதலை இனி நம்பவே மாட்டேன் என்று புலம்புகிற பாட்டு! அதைத்தான் எடுத்து இங்கே மாற்றிக்கொண்டார். தூக்கி வைக்கக் கூடாத முதல் சொல்லில் அழுத்தம் விழுவதற்கு அதுதான் காரணம். இரண்டே குரல்களுக்கு எழுதிய நீள நீளமான பிருகாக்களை நூறு பேர் சேர்ந்து பாடினால் என்ன ஆகும்? நூறு பேர் ஒரே சமயத்தில் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி. பீச்சமே கூட இங்கே முழு வெற்றி பெறவில்லை என்பது என் அபிப்பிராயம். 19 பேர் என்ற அந்தப் பட்டியலின் நியாயம் இங்கேதான் தெரியும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். இரண்டாம் பாகத்தில் வரும் 'ஹி வாஸ் டிஸ்பைஸ்டு'. எல்லோராலும் ஒதுக்கப்பட்டு, அவமதிக்கப்பட்ட ஒருவனைப் பற்றிய ஆல்டோ பாட்டு. மெதுவாகப் போகும். வாக்கியங்கள் உடைந்து உடைந்து வரும். குரல் ஒரு சொல் சொல்லி நிறுத்தும், வயலின் ஒரு பெருமூச்சு விடும். நடுவில் சாட்டை அடி மாதிரி தந்திகள் வெட்டி வெட்டி வாசிக்கும் ஒரு பகுதி. பிறகு முதல் பகுதி முழுதும் திரும்பி வரும். முழுதாகப் பாடினால் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும் என்பதால் பழைய பதிவுகள் பலவற்றில் நடுப்பகுதியை வெட்டிவிடுவார்கள். வெட்டியிருந்தால் அந்தப் பதிவை நான் கணக்கில் எடுப்பதில்லை. டப்ளினில் இதைப் பாடியவர் சூசன்னா சிபர் என்ற நாடக நடிகை. கணவர் தொடுத்த வழக்கால் ஊரெல்லாம் பெயர் கெட்டு, லண்டனை விட்டு வந்திருந்தவர். அவர் பாடி முடித்ததும் கூட்டத்திலிருந்த ஒரு போதகர் எழுந்து, இதற்காகவே உன் பாவமெல்லாம் மன்னிக்கப்படட்டும் என்ற பொருளில் கத்திவிட்டார் என்று ஒரு கதை உண்டு. கேட்டவர்களில் யாருக்கு அந்தப் பாட்டு யாரைப் பற்றியது என்ற சந்தேகம் வந்திருக்கும்?

இந்தப் பாட்டுக்கு நான் கேட்டதில் மெக்கராஸ் பதிவில் ஜேனட் பேக்கர் பாடியதற்கு இணை இல்லை. அழுகிற மாதிரி பாடவே மாட்டார். திரும்பி வரும்போது சேர்க்கும் சங்கதிகள் கூட அலங்காரமாகத் தெரியாது. முதல் தடவை சொல்லாமல் விட்டதைச் சொல்கிற மாதிரி இருக்கும். ஹாக்வுட் பதிவில் கேரலின் வாட்கின்சன் நன்றாகவே பாடியிருக்கிறார், நேர்மையாக, குறையே சொல்ல முடியாமல். ஆனால் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் என் நினைவுக்கு வருவது ஜேனட் பேக்கர் பாடும்போது மட்டும்தான்.

அப்படியானால் மெக்கராஸ்தானே உன் தேர்வு என்று கேட்பீர்கள். இங்கே ஒரு சொந்த விஷயம் சொல்ல வேண்டும். எனக்குக் காது குறைந்துகொண்டு வருகிறது. சோதனை செய்து வரைபடம் கொடுத்தார்கள்: தாழ்ந்த ஒலிகளில் கோடு ஓரளவு நேராகப் போகிறது, 2000 ஹெர்ட்ஸுக்கு மேல் படிக்கட்டு மாதிரி இறங்குகிறது. வயதானால் பெரும்பாலோருக்கு நடப்பதுதான். நடைமுறையில் இதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? உயிரெழுத்து கேட்கும், மெய்யெழுத்து கேட்காது. ஸ், ஃப், த் எல்லாம் உதிர்ந்துவிடும். பெரிய கோரஸ் எனக்கு இப்போது அலை இரைச்சல் மாதிரி ஆகிவிட்டது. பீச்சம் போட்டால் சிம்பல் கூட மங்கலாகத்தான் விழுகிறது. டாக்டர் கருவி வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார், வைத்துக்கொள்ளப் போகிறேன். ஆனால் அது பேச்சுக்காகச் செய்தது. இசையைக் கொஞ்சம் தகரமாக்கும் என்று ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் சொல்கிறார்கள். ஆகவே கேட்கிற காது இருக்கும்போதே எதை மனதில் பதித்துக்கொள்வது என்பது எனக்கு இப்போது வெறும் ரசனைப் பிரச்சினை இல்லை.

ஹாக்வுட் பதிவு இந்தக் காதுக்கும் எட்டுகிறது. கோரஸ் சிறியதாக இருப்பதால் யார் எங்கே நுழைகிறார்கள் என்று தெரிகிறது. எம்மா கர்க்பியின் குரலில் நடுக்கம் என்பதே இல்லை; கோடு போட்ட மாதிரி வரும். டிரம்பெட்டை ஹேண்டல் எவ்வளவு சிக்கனமாகச் செலவழிக்கிறார் என்பதும் இதில் நன்றாகத் தெரியும். முதல் பாகத்தில் தேவதூதர்கள் பாடும் இடத்தில் தூரத்திலிருந்து கேட்கிற மாதிரி மெதுவாக ஒரு தடவை. பிறகு அல்லேலூயா வரைக்கும் கிடையாது. பேரிகையோ அல்லேலூயாவில்தான் முதல் தடவையாக வாயைத் திறக்கும். அதுவரை ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அந்த மனிதர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அவருக்கும் அன்று சம்பளம் போட்டிருக்கிறார்கள்.

ஹாக்வுட்டையே வைத்துக்கொண்டு, அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் ஜேனட் பேக்கரைச் செருகினால் என்ன என்று தோன்றியது. ஹேண்டலே வருடா வருடம் ஆளை மாற்றியவர்தானே, தவறில்லை. என் பேரன் கம்ப்யூட்டரில் ஐந்து நிமிடத்தில் சேர்த்துக் கொடுத்தான். போட்டுக் கேட்டால், அந்த இடம் வந்ததும் வயிற்றைப் பிசைகிறது. காரணம் சுருதி. ஹாக்வுட் குழு பழைய முறைப்படி 415 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறக்கிக் கட்டியிருக்கிறது. மெக்கராஸ் இன்றைய 440 அளவில். பாட்டு ஆரம்பித்ததும் ஏறக்குறைய அரைச் சுரம் மேலே ஏறிவிடும், முடிந்ததும் தடால் என்று கீழே இறங்கும். கச்சேரி நடுவில் தம்பூராவை யாரோ இடறிவிட்ட மாதிரி. பேரன் சுருதியையும் இறக்கித் தருகிறேன் என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தக் குரலை இறக்குவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே என் தேர்வு ஹாக்வுட், 1980. மெக்கராஸ் தனியாக அலமாரியில் இருக்கிறது. அந்தப் பாட்டு வேண்டும் என்று தோன்றுகிற நாளில் அதை மட்டும் போட்டுக் கேட்டுவிட்டு அணைத்துவிடுவேன். முதன்முதலாகக் கேட்கப் போகிற நம் குடியிருப்பு இளைஞர்களுக்கும் ஹாக்வுட்டையே சிபாரிசு செய்கிறேன். பெரிய கோரஸ்தான் உங்கள் ரத்தத்தில் ஓடுகிறது என்றால் பீச்சம் வாங்குங்கள், மூன்று குறுந்தகடு. அண்ணாச்சியிடம் இரவலும் கிடைக்கும், கவரில் கீறல் விழாமல் திருப்பித் தரவேண்டும்.

பேச்சு முடிந்ததும் கை தூக்கச் சொல்லி முடிவெடுத்தார்கள். ஹாக்வுட்டுக்கு 23, பீச்சத்துக்கு 14. அண்ணாச்சி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: இரண்டாம் பாகம் முடிந்ததும் அல்லேலூயாவை மட்டும் இன்னொரு தடவை பீச்சத்தில் போட வேண்டும். ஏகமனதாக ஏற்கப்பட்டது. அதற்கு எழுந்து நிற்க வேண்டுமா என்று சிலர் கேட்டீர்கள். ஜார்ஜ் மன்னர் எழுந்து நின்றதால் வந்த வழக்கம் என்று சொல்வார்கள். அவர் அந்தக் கச்சேரிக்கு வந்தார் என்பதற்கே வவுச்சர் இல்லை. நிற்க விரும்புகிறவர்கள் நிற்கலாம், முட்டி வலி உள்ளவர்கள் உட்கார்ந்திருக்கலாம்.

டிசம்பர் மூன்றாவது சனிக்கிழமை, மாலை 5.30 மணி. முதல் பாகத்துக்குப் பிறகு காபி. மின்வெட்டு வந்தால் ஜெனரேட்டரில் ஸ்பீக்கரை இணைக்க எலக்ட்ரீஷியனிடம் சொல்லியாயிற்று. நாற்காலி போதாது என்று தோன்றுகிறது. முடிந்தவர்கள் வீட்டிலிருந்து ஒன்று கொண்டுவரவும்.